திருஷ்டிக்குக் கட்டிய பூட்ஸ்

எனக்கு வந்த டெங்குவை நான் ஒத்தை ஆளாக நின்று விரட்டினேன். பொய். நான் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். விரட்டியது கையில் ஏறிய சலைன் பாட்டிலும் நர்சம்மாவின் அதட்டலும்தான். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிடந்தால் இந்த வீரனின் கதை உதவும். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மைத்துனன் செல்வம் எழுதுகிறான். லுங்கியில் வருகிற என் பேச்சுக்கு வேட்டி கட்டிவிடுகிறான்.

முதலில் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. கப்பலூர் கம்பெனியில் மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்கலாம். கண் எந்த மூட்டையைத் தூக்கியது? மறுநாள் காய்ச்சல் கொதித்தது. எலும்புக்குள் யாரோ திருகாணி முடுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டெங்கு என்று படுக்கவைத்துவிட்டார்கள்.

காய்ச்சல் இறங்கிய காலையில் குஷியாக எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா, சரியாப்போச்சு. கெளம்புறேன்."

"படுங்க. காய்ச்சல் விடுறப்பத்தான் இதுல கவனமா இருக்கணும். பிளேட்லெட் இன்னும் எறங்குது."

பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) ரொம்ப இறங்கினால் ஈறில்கூட ரத்தம் கசியுமாம். சத்தமில்லாமல் படுத்துவிட்டேன்.

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"பொஞ்சாதி. ஏழு மாசம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உங்களக் கடிச்ச கொசு அவங்களையும் கடிச்சா, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. எங்க முட்டை போடுதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க."

அதைக் கேட்டுத்தான் நடுங்கினேன். குளிர் என்று நினைத்து நர்சம்மா போர்வை கொண்டுவந்தார்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். கத்தரி, வெண்டை, ஒரு புடலைப் பந்தல். தினமும் பொழுது சாய்ந்ததும் வேப்பிலைப் புகை போட்டு, கையில் கொசு பேட்டோடு தளபதி மாதிரி நடப்பேன். டெங்குக் கொசு பகல் ஷிப்ட் பார்க்கிறது என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. இத்தனை நாளும் வேறு நாட்டோடு போர் நடத்தியிருக்கிறேன்.

என் மனைவி பேச்சியை மேலூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"நீ இங்க கெடக்கையில நான் அங்க போயி என்ன பண்ண?" என்று போனை வைத்துவிட்டாள்.

சரி, கொசுவைத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். மேலூரிலிருந்து அவள் தம்பி செல்வம் வந்தான். நான் கட்டிலில், அவன் தோட்டத்தில், நடுவில் வீடியோ கால். கொசுவலைக்குள் உட்கார்ந்து பேச்சி இருவரையும் அதட்டினாள்.

"மாப்ள, பூந்தொட்டித் தட்டக் கவுத்து. டிரம்மத் தேச்சுக் கழுவித் துணி கட்டு."

"ஆச்சு மச்சான். தேங்காச் செரட்டையும் பொறக்கியாச்சு."

மறுநாள் பட்டப்பகலில், வலையை விட்டு எழுந்த பேச்சியின் காலில், வெள்ளைப் பட்டை போட்ட கொசு ஒன்று கடித்துவிட்டுப் பறந்தது.

"மச்சான், இதுக்கு மேல கவுக்கணும்னா வீட்டத்தான் கவுக்கணும்!"

அவன் போனைத் திருப்பியபோது பந்தலில் என் பழைய ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. போன காய்ப்பில் தெருவே "எம்புட்டு நீளம்!" என்று புடலங்காயைப் பார்த்து வாய் பிளந்தது. கண் படுமே என்று மற்றவர்கள் பிய்ந்த செருப்பைக் கட்டுவார்கள். நான் பெரிய ஆள் இல்லையா? முழங்கால் உயர கம்பெனி பூட்ஸையே தொங்கவிட்டேன். அதுவும் வாய் மேலே பார்க்க.

"மாப்ள, அந்த பூட்ஸு!"

"அது திருஷ்டிக்குக் கட்டுனதுல்ல? தொடலாமா?"

"தொடுறா!"

கவிழ்த்தான். மழைத் தண்ணீர் கொட்டியது. தரையெல்லாம் நெளிந்தன கொசுப் புழுக்கள். தினமும் கண்முன்னே தொங்கியது. திருஷ்டிப் பொருள் என்று யாரும் கை வைக்கவில்லை.

"மாட்டுச்சுடா!" என்று நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"ஊருக் கண்ணுல இருந்து பொடலங்காயக் காப்பாத்தி, புள்ளையக் கொசுக்கிட்ட குடுக்கப் பாத்தியாக்கும்?" என்றாள் பேச்சி. பிளேட்லெட் குறைவு என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆனால் அவளைக் கடித்தது டெங்கு சுமந்த கொசுவா, வெறும் கொசுவா? வீடு திரும்பியதும் போகும்போதும் வரும்போதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "கை தேஞ்சிரும்" என்பாள். காய்ச்சல் வரவே இல்லை.

மூட்டை தூக்கிய உடம்பு தேங்காய் துருவவே மூச்சு வாங்கியது. அதை அவசரப்படுத்தாதீர்கள், மெதுவாகத் திரும்பி வரும். முன்பெல்லாம் எனக்கு வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கறி. இப்போது வாரம் என்பது, கொசு முட்டை இறக்கை முளைத்துப் பறக்கிற காலம். கறிக்கடைக்குப் போகும் முன் தோட்டத்தைச் சுற்றி, குழிந்ததையெல்லாம் கவிழ்க்கிறேன். என் கையில் ஒரு கொசு உட்கார்ந்தாலும் அவள் வயிறுதான் ஞாபகம் வருகிறது. அவளுக்கு இப்போது நிறைமாதம்.

ஜோடியில் இன்னொரு பூட்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். அதை நான் முருங்கை மரத்தில்...

"ஏ மாமா! கதை விட்டது போதும். வலி வந்திருச்சு, ஆட்டோவக் கூப்பிடு!"

"இந்தா வாரேன் புள்ள! மாப்ள, பேனாவப் போட்டுட்டு ஓடுறா!"