மஞ்சள் சட்டை வரும்வரை

வெள்ளிக்கிழமை காலையில் பைக் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாரம் முழுக்கத் தலைநகர் அம்மானில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, விடுமுறை நாளில் எங்கள் தீபான் ஊரின் தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் காப்பிக் கடை வைத்திருக்கிறேன். அவர்களால் எனக்கு வியாபாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் திட்டாமல் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் திட்டாத ஒரே ஆள் ருதைனா. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லும்போது மற்றவர்கள்மேல் வயிறு எரியும். எரியட்டும்.

நாற்பதைத் தாண்டியவள். அம்மானில் பல் செட்டு செய்யும் பட்டறையில் வேலை. பட்டறையிலிருந்து டாக்டர்களுக்குப் பல் செட்டு கொண்டுபோகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட, அவன் விட்டுப்போன ஸ்கூட்டரை இவள் எடுத்தாள். பெட்டி பெட்டியாகப் பற்களைக் கட்டிக்கொண்டு அம்மானின் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினாள். பிறகு சொந்தக் காசில் பெரிய பைக் வாங்கினாள். “என் மக சின்னதா ஒரு கார் வச்சிருக்கா” என்றுதான் அவள் அம்மா இன்றுவரை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வழியில் கார்க்காரன் எவனாவது கண்ணாடியை இறக்கிக் கிண்டல் செய்தால் ருதைனா சும்மா விடமாட்டாள். ஒருமுறை என் கடை முன்னாலேயே ஒருத்தனுடைய சாவியைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். நான்தான் சமாதானம் செய்து வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் ஸக்ர். சோபா, கட்டில் விற்கும் பெரிய கடைக்காரன். சிரித்த முகம், சத்தமான வண்டி. கூட்டத்தில் ஒரே பெண் ருதைனா என்பதால் அவளை எப்போதும் தனக்கு அடுத்த வண்டியாக வைத்துக்கொள்வான். படம் எடுத்துப் போடும்போது ‘எங்கள் கூட்டத்தில் பெண்ணும் இருக்கிறாள்’ என்று தெரியவேண்டுமல்லவா!

அவர்களிடம் ஒரு முறை உண்டு. ருதைனா என் கடையில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னதுதான். முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் வழி தெரியும். சாலை பிரியும் இடம் வந்தால், அவனுக்கு அடுத்து வருகிற ஆள் அந்த முனையில் இறங்கி நின்றுகொள்ள வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி வழிவிட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக ஒருவர் மஞ்சள் சட்டை போட்டு வருவார். யாராவது விழுந்தாலோ வண்டி நின்றுபோனாலோ அவர் கூடவே நின்றுவிடுவார். மஞ்சள் சட்டை கண்ணில் பட்டபிறகுதான் முனையில் நிற்கிற ஆள் நகரலாம். அதுவரை மழையோ வெயிலோ, நிற்க வேண்டும். அந்தச் சட்டை ஒரே ஆளிடம் இருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை மாறும்.

“அதென்ன, ராணுவமா?” என்று கேட்டேன்.

“சிரிக்காதீங்க அபூ நாயிஃப். முதல் வருஷம் கீழ முஜிப் பள்ளத்தாக்குல சரளைக்கல்லுல வழுக்கி விழுந்தேன். மஞ்சள் சட்டை போட்டவரு என்கூட இருந்துட்டாரு. அடுத்த முனையில நின்னவரு ஹாஃபிஸ்னு ஒரு பெரியவரு. அவரு அசையவே இல்ல. ‘முனையில நிக்கிற ஆளு இன்னும் வரலையே’ன்னு முன்னாடி போனவங்க பதறித் திரும்பினதாலதான் என்னைத் தூக்கிட்டுப் போக வண்டி வந்துச்சு. இல்லன்னா இந்தக் காலு இருக்குமா?”

அந்த ஹாஃபிஸ் இப்போது அகபாவில் மகன் வீட்டோடு போய்விட்டார். அவர் போனதோடு கூட்டத்தில் அந்த முறைக்கு மரியாதையும் போய்விட்டது. அது இவளுக்குத் தெரியவில்லை.

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் ஸக்ரின் வண்டி முஜிப் பக்கம் இறங்கிப் போயிற்று. அடுத்து வந்த ருதைனா என் கடை எதிரே முனையில் நின்றாள். வழக்கமாக ஒரு காப்பி ஊற்றி முடிப்பதற்குள் எல்லோரும் கடந்துவிடுவார்கள். அன்றும் வண்டிகள் வந்தன. தெரிந்த முகங்களோடு புது முகங்களும் இருந்தன. வங்கியில் வேலை பார்க்கும் குஸை என்பவன் புத்தம்புது பைக்கில் வந்தான், ஹெல்மெட்டில் கேமரா, கையை உயர்த்தி ஆட்டிவிட்டுப் போனான். பிறகு சாலை காலியானது.

ருதைனா அசையவில்லை.

“என்னம்மா, எல்லாரும் போயாச்சே?”

“மஞ்சள் சட்டை இன்னும் வரல.”

“எண்ணிப் பாரேன், எத்தனை பேரு?”

“எண்ண முடியாது. வர்ற வழியில மாதபாவுல வேற ஒரு கூட்டத்து ஆளுங்களும் சேருவாங்கன்னு ஸக்ர் சொன்னான். எத்தனை பேருன்னு சொல்லல. அங்க நான் பெட்ரோல் போடுறதுக்குள்ள கிளம்பிட்டான், சட்டை யார் கைக்குப் போச்சுன்னும் தெரியல. பின்னாடி யாரோ விழுந்திருக்காங்க. நிச்சயமா விழுந்திருக்காங்க.”

போன் செய்தாள். ஸக்ரின் போன் கிடைக்கவில்லை. யாருடையதும் கிடைக்கவில்லை. மதியச் சாப்பாடு முஜிப் பள்ளத்தாக்கின் அடியில் ஸக்ரின் நண்பனுடைய தோட்டத்தில். அங்கே போன் வெறும் டப்பாதான். சாப்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஏறி, கரக் வழியாகச் சாக்கடல் சாலையில் ஊர் திரும்புவது அவர்கள் திட்டம். அதாவது, இந்த முனைக்கு அவர்கள் மறுபடி வரப்போவதே இல்லை.

ஜும்மாவுக்கு நேரமானது. “உள்ள வந்து நிழல்ல உக்காரும்மா” என்றேன். “உள்ள உக்காந்தா வர்றவங்க கண்ணுக்கு நான் தெரியமாட்டேனே” என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “நீயும் உன் சட்டமும்!” என்று கத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது அதே இடத்தில், அதே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. என் தலைத்துணியை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன்.

“அபூ நாயிஃப், உங்க பிக்கப்புல கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்குறீங்களா? நான் இங்கிருந்து நகரக் கூடாது. வாலா பள்ளத்தாக்கு வளைவுல யாராச்சும் கிடந்தா?”

வெள்ளிக்கிழமை மதியம்தான் எனக்கு நாலு காசு வரும் நேரம். கடையை மூடினேன். யாருக்காக? பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்காக. என் போன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வாலா பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி இறங்கி எட்டிப் பார்த்தேன். சோதனைச் சாவடியில் விசாரித்தேன். ஆடு மேய்க்கிறவளிடம் கேட்டேன். ஓர் இடத்தில், பாலத்துக்கு அடியில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. முள்ளில் கிழிபட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால், லாரி டயர். அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். செத்துக் கிடப்பான் என்று நான் தேடிய அந்த மகராசன் அதே நேரத்தில் தோட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மன்சஃப் கறிச்சோற்றை உருட்டிக்கொண்டிருந்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் திரும்பி வந்து “யாரும் விழல” என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நொடி நிம்மதி தெரிந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். பிறகுதான் அது உறைத்தது. “அப்ப மஞ்சள் சட்டை எங்க?”

சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும் நேரத்தில் அவள் போன் அடித்தது. ஸக்ர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ருதைனா! எங்க இருக்க? எல்லாரும் மேல ஏறி வந்து வரிசையா நிக்கிறோம், போட்டோ எடுக்கணும். என் பக்கத்துல இடம் காலியா இருக்கு!”

அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சாவி பிடுங்கிய அன்று கத்தியவள், இப்போது வாயைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹலோ? கேக்குதா?”

“தீபான் முனையில நிக்கிறேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

ஸக்ரும் குஸையும் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். ஸக்ர் வண்டியைவிட்டு இறங்கும்போதே சிரித்தான். “அட, இன்னுமா நின்னுட்டிருக்க? கொஞ்சம் மூளையை உபயோகிக்கக் கூடாதா?”

“மஞ்சள் சட்டை யாரு?”

குஸை தன் பையைத் திறந்து உள்ளேயிருந்து அதை எடுத்தான். சுருட்டிய சுருக்கம்கூடக் கலையவில்லை. “புது வண்டி அக்கா, வீடியோ எடுத்துட்டிருந்தேன். அந்தச் சட்டையில பாத்தா சாலை போடுற ஆளு மாதிரி இருந்துச்சு. அதான் கழட்டி வச்சேன். உங்களப் பாத்துக் கையைக் கூட ஆட்டினேனே!”

“கையை ஆட்டினியா! பின்னாடி எவனோ ரத்தம் கொட்டிக் கிடக்கான்னு இந்த மனுஷனை ஓடை ஓடையா இறங்க வச்சேன். நீ கையை ஆட்டினியா?”

“சரி சரி, விடு” என்றான் ஸக்ர். “தப்பு நடந்துபோச்சு. சாப்பாட்டு நேரத்துல நீ உள்ள தோட்டத்து வீட்டுப் பொம்பளைங்களோட இருக்கேன்னு நினைச்சோம்.”

அதைக் கேட்டதும்தான் அவள் வெடித்தாள். “மூணு வருஷமா உங்களோட ஒரே தட்டுல கை வச்சுச் சாப்பிட்டிருக்கேன் ஸக்ர்! என்னைக்காவது உள்ள போயிருக்கேனா? தட்டுல என் கை இல்லங்கிறது ஒருத்தன் கண்ணுலயும் படல. போட்டோவுல இடம் காலியா இருக்கிறது மட்டும் பட்டுச்சா?”

ஸக்ர் என்னைப் பார்த்தான், நான் அவன் பக்கம் பேசுவேன் என்று நினைத்தானோ என்னவோ. கடையில் காப்பி குடிக்க வந்த இரண்டு மூன்று பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “யோவ், அந்தப் பொண்ணு காலையிலேருந்து நிக்குதுய்யா” என்றேன். அதற்குமேல் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

ருதைனா குஸையின் கையிலிருந்த மஞ்சள் சட்டையை வாங்கி உதறினாள். போட்டுக்கொண்டாள். ஹெல்மெட்டை மாட்டினாள்.

“இப்ப நான்தான் கடைசி ஆள். பின்னாடி யாரும் விட்டுப்போகலன்னு நான் பாத்துட்டு வரேன். ஸக்ர், நீ முனையில நில்லு. நான் வர்றவரைக்கும் நகரக் கூடாது. முறை தெரியும்ல?”

“என்ன விளையாட்டு இது?”

“தெரியுமா, தெரியாதா?”

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தெரியும், தெரியும். நிக்கிறேன் போ” என்று அவன் கையை விரித்தான். அவள் மாதபா பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். மஞ்சள் நிறம் வளைவில் மறைந்தது.

ஸக்ர் முனையில் நின்றான். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்தபடி. பிறகு போனைப் பார்த்தபடி. ஒரு காப்பி கேட்டான், ஏலக்காய் கூடப் போடச் சொன்னான். ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைச் சுவர்மேல் வைத்தான். “அவளுக்குக் கோபம். தணிஞ்சா தானே வருவா. நாங்க கிளம்புறோம்” என்று குஸையைப் பார்த்துத் தலையசைத்தான். நான் தடுத்திருந்தால் கேட்டிருப்பானா? இரண்டு வண்டிகளும் பள்ளத்தாக்குப் பக்கம் இரைந்துகொண்டு இறங்கின.

உடனே என் போன் அடித்தது.

“அபூ நாயிஃப், நிக்கிறானா?”

சுவர்மேல் இருந்த கோப்பையைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

“போயிட்டான்மா. காப்பிகூட இன்னும் ஆறல.”

காற்றுச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்: “நான் தூரமா போகல. ஊர் எல்லையில பெட்ரோல் பங்க்குலதான் நிக்கிறேன். அவன் நின்னிருந்தா வந்திருப்பேன். எல்லாத்தையும் மறந்துட்டு வந்திருப்பேன்.”

“அந்தச் சட்டை?”

“என்கிட்டதான் இருக்கு. அவங்களுக்கு எதுக்கு அது?”

போனை வைத்துவிட்டு அந்தக் கோப்பையை எடுத்தேன். ஸக்ர் குடித்தது போக மீதியிருந்த காப்பியை அவன் நின்ற இடத்திலேயே ஊற்றினேன்.