ஐந்தாவது ஆல்பம் வரைக்கும் வந்த அண்ணன்

இன்று மதியம், சேலம் – எடப்பாடி பஸ். புளூடூத் இயர்போன் போனோடு சேர்ந்துவிட்டது என்று நினைத்து பாட்டைப் போட்டேன். சேரவில்லை. எனக்குப் பிடித்த த்ராஷ் மெட்டல் இசைக்குழு, டிரம்ஸும் கிட்டாருமாக அசுர வேகத்தில் போன் ஸ்பீக்கரில் அலற, பஸ்ஸே திரும்பி முறைத்தது.

பக்கத்து சீட் அண்ணன் மட்டும், "நிறுத்தாதீங்க. எங்க தறிப்பட்டறையாட்டமே இருக்குதுங்க" என்றார். விசைத்தறி ஓட்டுகிறவராம்.

பன்னிரண்டு வருடமாக இந்த பேண்டைத் தனியாகத்தான் கேட்கிறேன். விடுவேனா? ஓர் இயர்போனை அவர் காதில் வைத்துவிட்டேன்.

முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு. "எல்லாத் தறியும் ஒரே ஓட்டம்ங்க. போல்ட்டெல்லாம் கழண்டுக்கும்."

மூன்றாவதிலிருந்து ஒன்று. "இப்பத்தான் பக்குவமா ஓட்டறாங்க."

ஐந்தாவது, வேகம் போய்விட்டதென்று ரசிகர்களே திட்டிய ஆல்பம். கண்ணை மூடிக் கேட்டார்.

"வேகத்தக் கொறைக்கலீங்க. ஆளு மாறிட்டாங்க. இது வேற கை."

டிரம்மர் மாறியது அதில்தான். நான் சொல்லவே இல்லை.

"எப்படிங்கண்ணா தெரிஞ்சுது?"

"நூலு அறுந்தா தறிய நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுக்கா ஓட்டணுமுங்க. மறுக்கா ஓட்டற சத்தத்துலயே எந்தத் தறியில யாருன்னு வாசல்லயே தெரிஞ்சிருமுங்க."

ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கொங்கணாபுரம் வந்துவிட்டது. "வாரனுங்க" என்று இயர்போனைச் சட்டையில் துடைத்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் அவர் பெயர்கூடக் கேட்கவில்லை.

எடப்பாடி வரை ஒரு காதில்தான் கேட்டேன். இன்னொன்று உள்ளங்கையிலேயே இருந்தது.

அந்த ஆறாவது ஆல்பம் எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.