பச்சை மை ரவிக்கைகள்

பழைய சீட்டுக்கட்டுகளைச் சேர்ப்பவன் நான். அரைகுறை ஆடைப் பெண்களின் படம் போட்ட வெளிநாட்டுக் கட்டு ஒன்று விலைக்கு வருகிறதென்று சிட்லபாக்கம் போனேன். விற்றவர் நெற்றி நிறைய விபூதி பூசிய, ஓய்வு பெற்ற அதிகாரி. ஒவ்வொரு சீட்டையும் தொடுமுன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் எல்லோருக்கும் யாரோ பச்சை மையில் ரவிக்கை வரைந்திருந்தார்கள். ரவிக்கைக் கையின் ஓரத்தில் கரைகூடப் போட்டிருந்தது.

“யார் சார் இப்படிப் பண்ணது?”

“வாங்கும்போதே இப்படித்தான் சார் இருந்துச்சு.”

அவர் சட்டைப்பையில், அதிகாரிகள் கையெழுத்துப் போடும் பச்சை மைப் பேனா இருந்தது.

இஸ்பேட் ராணிக்கு மட்டும் ரவிக்கை இல்லை.

“இவங்களை மட்டும் விட்டுட்டாங்களே சார்?”

“அது விக்கிறதுக்கு இல்ல” என்றவர், அவளைப் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

மற்ற ஐம்பத்தொரு பேரும் என்னிடம் இருக்கிறார்கள். வாங்கும்போதே இப்படித்தான் இருந்ததென்று அவர் சொன்னதை இன்றுவரை நான் நம்பவில்லை.