‘யெஸ் சேர்’ என்று அடித்த விரல்

எங்கள் பரம்பரைக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கிலீசில் யார் என்ன கேட்டாலும் ‘யெஸ் சேர்’ என்றுவிடுவோம். புரிந்ததா என்பது வேறு விஷயம். தேயிலைத் தோட்டத்தில் ஆளை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் தொரை கேட்டபோது தாத்தா தலையாட்டினார், அப்பாவும் ஆட்டினார். நான் படித்தவன். விரலால் ஆட்டினேன்.

அப்போது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கராக இருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவன் நான்தான். கொழுந்து நிறையைக் கூட்டும் புரோகிராமை எழுதியவனும் நான்தான். ஏதாவது கெட்டால் கைகாட்ட வேறு ஆளில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மனைவி அப்போதுதான் வாசலில் லீக்ஸ் கன்று நட்டிருந்தாள்.

நிறைகளைத் திரையில் பொத்தான் வைத்த ஜன்னலில் காட்டித் தொரையை அசத்த ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு லைப்ரரி வேண்டும். யாரோ எழுதிவைத்ததை நாம் இரவல் வாங்கும் மூட்டை அது. நிறுவச் சொல்லிக் கட்டளை அடித்தேன். இங்கிலீசில் ஏதோ ஒரு வரி வந்தது, வேலை முடிந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று என்னையே மெச்சிக்கொண்டேன். வரியை வாசிக்கவில்லை.

ஜன்னல் சரிவரவில்லை. கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்புவோம் என்று நீக்கும் கட்டளையை அடித்தேன். பெரட்டில் ஆள் நிற்பதுபோலப் புரோகிராம்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. கடைசியில், தொடரலாமா என்று இங்கிலீசில் ஒரு கேள்வி. விரல் ‘யெஸ்’ என்றது.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். படமில்லை, மெனு இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது.

அந்தக் குளிரிலும் ஸ்வெட்டருக்குள் வியர்த்துக் கொட்டியது. மாதம் முழுக்கப் பொம்பளைகள் பறித்த நிறை கம்ப்யூட்டருக்குள் இருந்தது. லீக்ஸைப் பிடுங்கி லொறியில் ஏற்றுவதுவரை மனம் போய்விட்டது.

யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “என்ன தம்பி, செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறீர்?”

“ஒன்னுமில்லீங்கய்யா. மெஷின் கொஞ்சம் ஓய்வெடுக்குது.”

“மெஷினோ, நீரோ?”

கறுப்புத் திரையிலேயே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனேன். கோப்புகளைக் காட்டச் சொன்னேன். நிறைகள் அப்படியே இருந்தன. பாதி உயிர் வந்தது. பிறகுதான் விளங்கியது: அந்த லைப்ரரி நான் நிறுவச் சொல்லுமுன்பே அங்கே இருந்திருக்கிறது. நான் வாசிக்காத வரி சொன்னதும் அதைத்தான். திரையின் படமும் மெனுவும் அதை நம்பித்தான் நின்றிருக்கின்றன. நான் அத்திவாரத்தை உருவியிருக்கிறேன்.

மேசை லாச்சியிலிருந்து லினக்ஸ் சிடியை எடுத்துப் போட்டு, போனதையெல்லாம் மறுபடி ஏற்றச் சொன்னேன். வரிகள் ஓட ஆரம்பித்த நேரம் பார்த்து ஜீப் சத்தம்.

தொரை எனக்குப் பின்னால் வந்து நின்றார். “எனி ப்ராப்ளம்?”

“யெஸ் சேர்.”

நாக்கு முந்திவிட்டது. பெரிய கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்தார். இனி மறைக்க முடியாது. நடந்ததைத் தமிழில் உளறிக் கொட்டினேன்.

“கொழுந்து கணக்கு இருக்குதானே?” என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார் தொரை.

“இருக்குங்க சேர்.”

வரிகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய திரை மெல்ல எழுந்து வந்தது. பெருமூச்சு விட்டவன் நான் மட்டுமல்ல, பெரிய கிளாக்கரும்தான்.

வாசலுக்குப் போன தொரை திரும்பி, இங்கிலீசில் வேகமாக ஏதோ கேட்டார். ‘யெஸ்’ பல்லுவரை வந்தது. கடித்து நிறுத்தினேன்.

“வெளங்கலிங்க சேர். இன்னொருக்கா சொல்லுங்க.”

“என் பங்களா கம்ப்யூட்டருக்கும் இந்த லினக்ஸ போட்டுத் தர முடியுமா?” என்றார் தமிழில்.

“நோ சேர்,” என்றேன், எங்கள் பரம்பரையிலேயே முதல் தடவையாக.

பெரிய கிளாக்கருக்குத் திடீரென்று இருமல் வந்தது.