டிஷ்ஷுக்குப் போன அறை

என் கையெழுத்துக் கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது; வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் கதைக்கக் கூச்சப்படுகிற ஆள் என்பதால் எழுதுகிறேன்.

கல்முனையில் நாங்கள் இருக்கும் வீடு, நான் கத்தாரில் கட்டட வேலையில் கம்பி கட்டி உழைத்துக் கட்டியது. மகளுக்குக் கல்யாணக் காவின் எழுதிய கிழமையே வீட்டையும் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்ற எல்லோரும் செய்வதுதான். அதில் எனக்குக் குறையில்லை. மனைவி மௌத்தாகி நான் தனியான பிறகு மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையை மட்டும் எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கடல்காற்று வரும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

மருமகனுக்குப் பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடை. கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில். இரண்டையும் இணைக்க வேண்டும் என்றார். இடையில் பலருடைய வளவுகள். வயர் இழுக்க ஒருவரும் விடவில்லை. அதனால் வயரில்லாமல் இணைக்க ஆலையடிவேம்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார். அவர் கடைக் கூரையில் ஒரு வெள்ளை டிஷ்ஷும் எங்கள் மாடிச் சுவரில் இன்னொன்றுமாக, ஒன்றையொன்று பார்க்கும்படி பூட்டினார். மாடியில் கரண்ட் எடுக்க என் அறை பிளக்தான் இருந்தது. டிஷ்ஷுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியையும் அங்கேயே வைத்தார்.

முதல் கிழமை மழை. நன்றாக ஓடியது. வெயில் வந்ததும் காலையில் இணைப்பு அறுந்துவிடும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தானாக வரும். மருமகன் கடையிலிருந்து போன் எடுப்பார்.

"மாமா, பிளக்கக் கழட்டினீங்களா?"

"இல்ல மகன்."

"அப்ப ஜின்னு வந்தா கழட்டிட்டுப் போகுது?"

கடையில் நிற்பவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

மகளும் நம்பவில்லை. "வாப்பா, போன் சார்ஜ் போடக்குள்ள தெரியாமப் புடுங்கியிருப்பீங்க. ஓம் எண்டு சொல்லிட்டா முடிஞ்சிதானே" என்றாள். அன்றிலிருந்து போனைக் கீழே சமைக்கும் குசினியில் சார்ஜ் போட்டேன். என் அறை மின்விசிறியைப் போடவும் பயந்தேன். அப்படியும் இணைப்பு அறுந்தது.

கடைசியில் அந்த ஆலையடிவேம்புக்காரர் திரும்ப வந்தார். மருமகனோடு மாடிக்கு ஏறினார். டிஷ்ஷுக்கு நேர் முன்னால் கொடியில் ஈரப் போர்வைகளும் சாரன்களும் தொங்கின, மகள் காலையில் காயப்போட்டவை. ஒரு சாரனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மூத்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டார்.

"காக்கா, இஞ்ச வாங்க. உங்கட மருமகன்ட சாரன்தான் சிக்னல மறிக்குது!"

ஈரத்துணியைத் தாண்டி சிக்னல் போகாதாம். மழைக் கிழமையில் துணிகள் உள்ளே காய்ந்ததால் ஓடியிருக்கிறது. "இவ்வளவு நாளும் ஆர ஏசினீங்க?" என்று மருமகனிடம் கேட்டுச் சிரித்தார்.

மருமகன் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டிஷ்ஷ இன்னும் உசத்திப் பூட்டுங்க" என்றார். "இந்த அறைக்கும் பூட்டுப் போடுவம். இனி ஆரும் உள்ளுக்குப் போகப்படா."

"அப்ப காக்கா?"

"மாமாக்குக் கீழ இடமிரிக்கி."

துணி எடுக்க வந்த மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ஓம் வாப்பா, படி ஏறுற வேலயில்ல. லேசுதானே."

நானும் ஓம் என்றேன்.

இப்போது குசினிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைகளோடு படுக்கிறேன். மேலே அந்தப் பெட்டி சூடாகக்கூடாதாம். என் மின்விசிறி அதற்காகச் சுழல்கிறது.

பெருநாளன்று வந்த சொந்தக்காரர்களை மருமகன் மேலே கூட்டிப்போய் டிஷ்ஷைக் காட்டினார். "இது மாமாட அறையெல்லுவா?" என்று யாரோ கேட்டார்.

"அவருக்குக் கீழதான் விருப்பம்" என்றார் மருமகன்.

படியடியில் நின்ற எனக்குக் கேட்டது.

எழுதியது: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு.