ஜெஸ்லினுக்கு மட்டும் வராத மெசேஜ்

போன வாரம் ஒரு காலை. காபியைக் கையில் எடுக்கிறேன், ஜெஸ்லினிடமிருந்து போன். என்னோடு கல்லூரியில் படித்தவள். கணவர் சேவியர் சொந்த வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

“ஏட்டி, பலத்த காத்து வருதுன்னு ஊர்ல எல்லாருக்கும் மெசேஜ் வந்திருக்கு. எனக்கு மட்டும் வரல்ல. அவரு கடலுக்குப் போயாச்சு!”

குரல் நடுங்கியது. அவர்கள் ஊர் மீனவர் சங்கத்துக்காக அந்த மெசேஜ் புரோகிராமை எழுதியவன் என் சித்தப்பா மகன் பிரபு. கோட்டாறில் எங்கள் பக்கத்துத் தெருதான். உடனே கூப்பிட்டேன்.

“லிஸ்ட்ல அவங்க பேரு இருக்குக்கா. லூப் ஓடி முடிஞ்சாச்சு. எரர் ஒண்ணும் இல்ல.”

எரர் இல்லையாம்! ஆள் நடுக்கடலில் நிற்கிறார்...

நேரில் போய் லேப்டாப்பைப் பிடுங்கினேன். எனக்கும் இதே பிழைப்புதானே?

பட்டியல் முடியும்வரை அனுப்பும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது லூப்; அதற்கு ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துக் கொடுப்பது இட்டரேட்டர். ஆனால் அது ஆளை ஞாபகம் வைப்பதில்லை — எத்தனையாவது இடம் என்பதை மட்டும்தான். நம்ம பிரபு என்ன செய்திருக்கிறான்? செயல்படாத நம்பர் வந்தால், லூப் ஓடும்போதே அதைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறான். ஜெஸ்லினுக்கு முந்தைய பெயர், துபாய் போய் நம்பர் மாற்றியவர். அவரை நீக்கியதும் ஜெஸ்லின் அவர் இடத்துக்கு நகர்ந்துவிட்டாள். இட்டரேட்டரோ அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அவளைத் தாண்டி! லூப்பைத் திருத்து என்று பிரபுவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நல்லவேளை, மதியத்துக்குள் சேவியர் கரையேறிவிட்டார். பக்கத்து வள்ளத்துக்காரர்கள் கைகாட்டித் திருப்பினார்களாம். ஜெஸ்லின் போனில் அழுதுகொண்டே சொன்னாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் பிரபு சோதனை மெசேஜ் அனுப்பினான். மறுபடி ஜெஸ்லினிடமிருந்து போன்.

“இப்ப ரெண்டு தடவ வந்திருக்கு மக்கா. என்ன கூத்து இது?”

பிரபுவைக் கேட்டேன்.

“சேஃப்டிக்கு அவங்க நம்பரைக் கடைசியில இன்னொரு தடவ சேத்துட்டேன்க்கா.”

“லூப்பைத் திருத்தினியா?”

“அதான் அவங்களுக்கு வந்தாச்சே...”

தலையை எங்கே போய் முட்டிக்கொள்ள? துபாய்க்காரர் பெயர் நேற்றே போய்விட்டதால் அவளுக்குப் பழைய இடத்திலும் வந்திருக்கிறது, கடைசியிலும் வந்திருக்கிறது. அடுத்த தடவை வேறொருத்தர் நம்பர் மாற்றுவார். அவருக்குப் பின்னால் நிற்கிறவருக்கு மெசேஜ் வராது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் நம்பர் தெரியுமா?

நானே உட்கார்ந்தேன். பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் லூப்பை ஓடவிட்டு, நீக்குவதை மூலப் பட்டியலில் செய்தால் தீர்ந்தது. மாற்றியது ஒரே வரி. பிரபுவுக்குப் புரியவைக்கத்தான் ஒரு மாலை முழுக்க ஆனது!

‘எல்லாருக்கும் அனுப்பியாச்சு’ என்று யாராவது சொன்னால், அனுப்பினவரை விடுங்கள் — யாருக்கு வரவில்லை என்று தேடிப்போய்க் கேளுங்கள்.