மெல்லிய தந்திகள்

கல்யாண வீட்டு மெல்லிசைக் குழு ஒன்றில் நான் பல வருடங்கள் மேண்டலின் வாசித்தேன். காது மந்தமானதும் குழுவினர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் எனக்கும் கேட்கும் என்று நம்பி, எலெக்ட்ரிக் மேண்டலினுக்கான பாகங்களைப் பிரான்சில் இருந்த அண்ணனிடம் கேட்டு வாங்கினேன்.

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில், சாப்பாட்டு மேஜையின் மேல், மழைக்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. கழுத்தைத் திருகாணியால் உடலோடு இணைத்தேன். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புக்கு ஒயர் பற்றவைத்தேன். எட்டுத் தந்திகளையும் பூட்டி, சுருதி காட்டும் மீட்டரில் முள்ளைப் பார்த்தே சுருதி சேர்த்தேன்.

வாசித்தபோது தடித்த தந்திகள் மட்டும் எங்கோ தூரத்தில் முனகின. மெல்லிய தந்திகள் விரலுக்கடியில் அதிர்ந்தன, ஒலி வரவில்லை. ஒயரில்தான் கோளாறு என்று பிரித்து மறுபடி பற்றவைத்தேன். அப்போதும் அதேதான். ஆம்ப்ளிஃபையரில் ஒலியை முழுதாகக் கூட்டினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, என் முகத்துக்கு நேரே கத்தினாள்: "தெருவே வந்து நிக்கப் போவுது. கொறைங்க!"

மெல்லிய தந்தியைத் தட்டி, "இது ஒனக்குக் கேக்குதா?" என்றேன்.

"கணீர்னு கேக்குதே. ஏன், ஒங்களுக்கு..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

பிறகு அவளே சுவிட்சை அணைத்தாள். குறை சொல்ல எனக்கு இனி ஒயரும் இல்லை.

பொங்கலுக்குள் அந்த மேண்டலினைக் குழுவில் எனக்குப் பதிலாக வாசித்தவரிடம் கொடுத்துவிட்டேன். அருமையாக ஒலிக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கப் போகவில்லை.